மெய்நிகர் இயந்திரத்தில் வட்டின் குறுக்கீடு: கோளாறறியும் முறை

கணிப்பொறி நிலையங்களில் இக்காலத்தில் அடிக்கடி எழும் புகார் ஒன்றுண்டு. நன்றாக இயங்கிவரும் இயந்திரம் திடீரென அரை நிமிட நேரம் அசைவற்று நிற்கும். பின்னர் ஒன்றுமே நிகழாதது போல மீண்டும் இயங்கத் தொடங்கும். பதிவேட்டைப் புரட்டினால், வட்டிலிருந்து வரவேண்டிய குறுக்கீடு வரவில்லை என்றோ, வட்டிற்கு இட்ட ஆணை காலக்கெடுவிற்குள் முடியவில்லை என்றோ ஒரு வரி காணப்படும். அவ்வியந்திரமோ கையால் தொட்டறியத்தக்கது அன்று. பெரியதொரு கணிப்பொறியினுள் நிரலால் உண்டாக்கப்பட்ட மெய்நிகர் இயந்திரம். அதன் வட்டும் பெரும்பாலும் வேறோரிடத்தில் உள்ள ஒரு கோப்பேயாகும். இத்தகைய கோளாறு நேருங்கால் பல நிலையங்களில் கைக்கொள்ளப்படும் பரிகாரம், இயந்திரத்தை மீண்டும் துவக்குதலாம். இப்பரிகாரம் துன்பத்தைச் சிறிது காலம் தணிக்கின்றது. அதனுடன் கோளாற்றின் காரணத்தைக் காட்டும் சான்றையும் அழித்து விடுகின்றது. இவ்வழக்கம் மாற வேண்டும்.

இதனை ஒரு சிறு தொழில்நுட்பச் சிக்கல் என்று ஒதுக்கிவிட இயலாது. மேகராஜ் என்னும் பெயரால் இந்திய அரசு வகுத்த திட்டத்தின்கீழ், தேசிய மேகம் 2014ஆம் ஆண்டில் பயன்பாட்டிற்கு வந்தது. அது முதல் அரசுப் பணிகள் பல மெய்நிகர் இயந்திரங்களை நம்பி நடைபெறுகின்றன. விண்ணப்பம் ஒன்று பதிவாயிற்றா, பணம் ஒன்று வரவு வைக்கப்பட்டதா என்பது முடிவில் வட்டில் எழுதப்பட்ட எழுத்தைப் பொறுத்தது. எழுதி முடிந்தது என்ற செய்தி வழியில் தொலையுமாயின், இயங்குதளம் ஐயத்தில் ஆழ்கின்றது. ஆணைகளைக் கைவிட்டுக் கட்டுப்படுத்தியை மீளமைக்கின்றது. நிலைமை முற்றினால் கோப்பு முறைமையைப் படிப்பதற்கு மட்டுமே உரியதாக மாற்றி, எழுதுதலை நிறுத்தி விடுகின்றது. பலகணியின் முன் நிற்கும் குடிமகனுக்கு இவற்றுள் ஒன்றும் தெரியாது. அவன் கேட்பதெல்லாம் “கணிப்பொறி வேலை செய்யவில்லை” என்ற ஒரே விடைதான்.

குறுக்கீடு எதன் பொருட்டு?

ஒரு நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டு, ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 8.3 மில்லி விநாடி கொள்கின்றது. விநாடிக்கு 300 கோடி முறை துடிக்கும் செயலிக்கு அச்சிறு காலம் 2.5 கோடி துடிப்புகளுக்குச் சமம். அத்தனை காலமும் செயலி “முடிந்ததா, முடிந்ததா” என்று வட்டை வினவிக்கொண்டிருத்தல் வீண் உழைப்பு. ஆதலின், செயலி ஆணையை இட்டுவிட்டு வேறு வேலைக்குச் செல்கின்றது. வட்டு தன் பணி முடிந்ததும் ஒரு குறியை எழுப்பிச் செயலியை அழைக்கின்றது. இவ்வழைப்பே குறுக்கீடு எனப்படும்.

இம்முறை சிக்கனமானது, ஆயினும் தொடக்கம் முதலே நிபுணர்களுக்குக் கவலை தந்தது. நெதர்லாந்தில் உருவான எலெக்ட்ரோலாஜிகா எக்ஸ்-1 கணிப்பொறியின் குறுக்கீடுகளைக் கையாளும் நிரலை இயற்றிய எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா, 1959ஆம் ஆண்டில் தம் முனைவர்பட்ட ஆய்வுரையில் அம்முறையை விளக்கினார். குறுக்கீடு எத்தருணத்திலும் வரக்கூடும். எனவே அதனால் விளையும் பிழையை மறுமுறை அவ்வாறே வரவழைத்தல் அரிது. இவ்வச்சம் தமக்கிருந்ததைப் பிற்காலத்தில் அவரே எழுதியுள்ளார். இன்றைய மெய்நிகர் இயந்திரங்களில் அவ்வச்சம் குறையவில்லை, பன்மடங்காகியுள்ளது.

செய்தி செல்லும் வழி

ஒரே கணிப்பொறியைப் பல கணிப்பொறிகள் போலக் காட்டும் கலை புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் நிலையத்தில் உருவான சி.பி.-40 என்னும் அமைப்பு 1967ஆம் ஆண்டிலேயே பயன்பாட்டிற்கு வந்தது. சாதாரணச் செயலிகளுக்கு இதற்கென அமைந்த வன்பொருள் வசதி 2005ஆம் ஆண்டு முதல் கிடைக்கலாயிற்று; லினக்ஸ் கருநிரலில் கே.வி.எம். என்னும் பகுதி 2007ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது.

தனிக் கணிப்பொறியில் வட்டின் குறி கம்பி வழியே செயலியை அடைகின்றது. மெய்நிகர் இயந்திரத்திலோ அச்செய்தி பல வாயில்களைக் கடக்க வேண்டும். உள் இயங்குதளம் வட்டிற்கு இடும் ஆணையை ஹைப்பர்வைசர் எனப்படும் மேற்பார்வை நிரல் இடைமறித்துப் பெறுகின்றது. அதனை மெய்யான சேமிப்புச் சாதனத்திற்கு அனுப்புகின்றது. அச்சாதனம் பணியை முடித்துத் தாங்கி இயந்திரத்திற்கு மெய்யான குறுக்கீட்டை அளிக்கின்றது. பின்னர், வட்டைப் போல நடிக்கும் நிரல் தன் நிலைப் பதிவியை மாற்றி, மெய்நிகர் குறுக்கீடு ஒன்றை எழுப்புகின்றது. நிரலால் அமைந்த குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தி அதனை ஏற்று, எந்த மெய்நிகர் செயலிக்குச் செலுத்துவது என்று தீர்மானிக்கின்றது. அம்மெய்நிகர் செயலிக்கு மெய்யான செயலியில் முறை கிடைத்த பின்னரே செய்தி உட்செல்லும். முடிவில் உள் இயங்குதளத்தின் இயக்கி நிரல் நிலையைப் படித்து, குறுக்கீடு ஏற்கப்பட்டது என ஒப்புக்கொண்டு, காத்திருக்கும் பணியை எழுப்புகின்றது.

இத்தனை வாயில்களுள் எதில் செய்தி நின்றாலும் வெளியில் தோன்றும் அடையாளம் ஒன்றே: இயந்திரம் அசைவற்று நிற்றல். அடையாளம் ஒன்றாயிருப்பதால் காரணமும் ஒன்று என்று கொள்ளுதலே பெரும்பிழை. காய்ச்சல் ஒன்றே ஆயினும் நோய் பலவாதல் போல, இங்கும் நோயைப் பிரித்தறிதல் மருத்துவத்திற்கு முற்பட்ட கடமையாகும்.

நால்வகைக் கோளாறு

வட்டுக் குறுக்கீட்டுக் கோளாறுகளை நான்கு வகையாகப் பிரித்தல் பயன்தரும்.

முதலாவது, பணியே முடியாத நிலை. சேமிப்புச் சாதனம் அளவிறந்த சுமையால் தாமதிக்கின்றது. குறுக்கீட்டில் குற்றமில்லை, சொல்லுதற்குச் செய்தியே இன்னும் பிறக்கவில்லை. ஒரே சேமிப்பைப் பகிர்ந்துகொள்ளும் பல மெய்நிகர் இயந்திரங்கள் ஒரே வேளையில் நிற்குமாயின், இவ்வகையையே முதலில் ஐயுறல் வேண்டும்.

இரண்டாவது, பணி முடிந்தும் செய்தி வாராத நிலை. இதுவே உண்மையில் தொலைந்த குறுக்கீடு. இதற்குத் தெளிவான சான்று கிடைக்கக்கூடும். பழைய ஏ.டி.ஏ. வகை வட்டுகளில், குறுக்கீடு தொலைந்தது என்று லினக்ஸ் எழுதும் வரியின் இறுதியில் நிலைப் பதிவியின் மதிப்பும் காணப்படும். பதினாறடிமான எண்ணில் அது 50 என்றிருந்தால், வட்டு ஆயத்தமாக உள்ளது, வேலையில் ஈடுபட்டிருக்கவில்லை, பிழையும் இல்லை என்பது பொருள். அஃதாவது, வட்டு தன் பணியை முடித்து வாளாவிருக்கின்றது. செயலியோ அதனை அறியாமல் காத்திருக்கின்றது. என்.வி.எம்.இ. வகைச் சாதனங்களில் காலக்கெடு கடந்தபின் இயக்கி நிரல் தானே முடிவு வரிசையைச் சென்று பார்க்கின்றது; அங்கு விடை முன்னரே கிடந்தால், வினவிப் பெறப்பட்டது என்று எழுதுகின்றது. அவ்வரியும் இதே உண்மையைப் புலப்படுத்துவதாகும். இவ்வொரு சிறு வரியைப் படிக்கக் கற்றவர், நன்றாயிருக்கும் வட்டைப் பழுதென்று மாற்றும் வீண் செலவைத் தவிர்ப்பார்.

மூன்றாவது, செய்தி வந்தும் ஏற்கப்படாத நிலை. ஏ.டி.ஏ. கட்டுப்பாட்டுப் பதிவியில் குறுக்கீட்டைத் தடுக்கும் துணுக்கு ஒன்றுண்டு. அது 1 என்று இருப்பின் வட்டு குறியே எழுப்பாது. பழைய முறையில் வட்டிற்குரிய 14ஆம் தடம் இரண்டாவது கட்டுப்படுத்தியில் உள்ளது; அது முதலாவதன் 2ஆம் தடத்தின் வழியாகவே செயலியை அடையும். ஆதலின் 14ஐத் திறந்து 2ஐ மூடி வைத்தவர் நாள் முழுதும் காத்திருந்தாலும் பயனில்லை. குறுக்கீட்டின் முடிவை இரு கட்டுப்படுத்திகளுக்கும் அறிவியாமல் விடுதல் மற்றொரு பிழை. முதற் குறுக்கீடு வரும், அடுத்தது வாராது. நிலைப் பதிவியைப் படித்தால் நிலுவையிலுள்ள குறுக்கீடு நீங்கிவிடும் என்பதை மறந்து, வேறோரிடத்தில் அதனைப் படித்துவிடுதலும் உண்டு. அவ்வாறன்றி வெறுமனே நிலையைப் பார்ப்பதற்கென்றே மாற்று நிலைப் பதிவி அமைக்கப்பட்டுள்ளது. இவற்றினும் வேறாக, மெய்நிகர் செயலிக்கு மெய்ச் செயலியில் முறை கிடையாமையும் இவ்வகையைச் சாரும். உள் இயங்குதளம் காட்டும் களவுபோன நேரம் என்னும் அளவு உயர்ந்திருப்பின், குற்றம் வட்டினுடையது அன்று. ஒரே செயலியைப் பலருக்குப் பங்கிட்டவருடையது.

நான்காவது, குறுக்கீடு அளவின்றி வரும் நிலை. உரிமை கோருவார் இல்லாத குறுக்கீடு ஒரு தடத்தில் ஓயாமல் எழுந்தால், லினக்ஸ் அதனை எண்ணி வருகின்றது. 1,00,000 குறுக்கீடுகளுள் 99,900க்கு மேற்பட்டவற்றை எந்த நிரலும் தனதென்று ஏற்கவில்லையாயின், அத்தடத்தையே மூடிவிடுகின்றது. அதே தடத்தைப் பகிர்ந்துகொள்ளும் குற்றமற்ற வட்டும் அப்போது ஊமையாகின்றது. இந்நிலையில் வட்டை ஆராய்பவர் தவறான வீட்டின் கதவைத் தட்டுகின்றார்.

இவ்வகைகளைப் பிரித்தறிய விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. லினக்ஸ் இயங்குதளம் ஒவ்வொரு தடத்திலும் ஒவ்வொரு செயலியும் பெற்ற குறுக்கீடுகளின் எண்ணிக்கையை ஒரு பட்டியலாகக் காட்டுகின்றது. பத்து விநாடி இடைவெளியில் அதனை இருமுறை படித்து ஒப்பிட்டால், எண் உயர்கின்றதா, நிற்கின்றதா, வெறிகொண்டு ஓடுகின்றதா என்பது விளங்கும். தாங்கி இயந்திரத்திலும், மெய்நிகர் குறுக்கீடு எழுப்பப்பட்டதையும் அது செயலிக்குள் செலுத்தப்பட்டதையும் தனித்தனியே பதியும் தடமறி புள்ளிகள் உள்ளன. எழுப்பப்பட்ட எண்ணும், செலுத்தப்பட்ட எண்ணும், உள்ளே பெறப்பட்ட எண்ணும் அருகருகே வைக்கப்படுமாயின், எங்கே கணக்கு முரண்படுகின்றதோ அங்கேயே ஆராய்ச்சியைத் தொடங்கலாம். சில வேளைகளில் பல எழுப்புதல்கள் ஒன்றாய்த் திரண்டு ஒரே செலுத்துதலாக அமைதல் இயல்பு. ஆகவே எண்கள் முற்றும் ஒத்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்று வளர மற்றொன்று முற்றிலும் நின்றுபோதலே கவனிக்கத்தக்கது.

பரிசோதனையும் பரிகாரமும்

தொழிலில் உள்ளோர் கைக்கொள்ளும் வேறு சில உபாயங்களைப் பற்றியும் கூற வேண்டும். அவற்றுள் முதன்மையானது காலக்கெடுவை நீட்டித்தல். லினக்ஸில் ஸ்கஸி வட்டுகளுக்குரிய இயல்பான காலக்கெடு 30 விநாடி. விண்டோஸில் 60 விநாடி. சில மெய்நிகராக்கத் துணை நிரல்கள் இதனை 180 விநாடியாக உயர்த்துகின்றன. சேமிப்புச் சாதனம் ஒரு பாதை பழுதாகி மறு பாதைக்கு மாறச் சிறிது காலம் வேண்டும் இடங்களில் இவ்வுயர்வு முற்றிலும் நியாயமே. ஆனால் குறுக்கீடு தொலைந்த இடத்தில் இது தீமை செய்யும். தொலைந்த செய்தி எத்தனை காலம் காத்திருந்தாலும் வாராது. முன்னர் 30 விநாடி நின்ற இயந்திரம் இனி 180 விநாடி நிற்கும், அவ்வளவே பயன். முதல்வகைக் கோளாற்றிற்குரிய மருந்தை இரண்டாம் வகைக்கு அளித்தலால் நேரும் கேடு இது.

அடுத்தது, வினவும் முறைக்கு மாறுதல். குறுக்கீட்டை முற்றும் நம்பாமல் சாதனங்களை அவ்வப்போது வினவுமாறு துவக்க நேரத்தில் கட்டளையிடுதல் கூடும். அவ்வாறே செய்தி வடிவக் குறுக்கீட்டை நிறுத்திப் பழைய கம்பி வடிவத்திற்குத் திரும்புதலும், மெய்நிகர் செயலிகளின் எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்தலும், பழைய வகை வட்டிற்குப் பதிலாக மெய்நிகர் இயந்திரத்திற்கென்றே வகுக்கப்பட்ட விர்ட்டியோ வகையைப் பொருத்துதலும் இயலும். இவை யாவும் சிறந்த பரிசோதனைகள். ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொரு முறையும் விளைவைக் குறித்துக்கொண்டால், குற்றம் எந்த வாயிலில் என்பது தெளிவாகும். வினவும் முறையில் கோளாறு மறையுமாயின், குறுக்கீடு வழிதவறுகின்றது என்பது புலனாகும். கோளாறு தீர்ந்தது என்பது அதன் பொருளன்று. பரிசோதனையைப் பரிகாரமாகக் கொண்டு அப்படியே விட்டுவிடுதல், வெப்பமானியை மருந்தென்று விழுங்குதலை ஒக்கும். ஒரே வேளையில் நான்கு மாற்றங்களைச் செய்து, “சரியாயிற்று” என்று மகிழ்வதனால் அறிவு சிறிதும் வளராது.

சான்றைக் காத்தல்

மக்களின் பணி தடைப்பட்டு நிற்கும்போது ஆராய்ச்சிக்கு நேரம் எங்கே, உடனே மீண்டும் துவக்குவதன்றோ கடமை என்று நிலையப் பொறுப்பாளர்கள் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. பணியை விரைவில் மீட்டளித்தல் முதற் கடமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் குறுக்கீட்டு எண்ணிக்கைப் பட்டியலை இருமுறை படியெடுக்கவும், கருநிரலின் செய்திகளை வேறிடத்திற் சேமிக்கவும், களவுபோன நேரத்தைக் குறித்துக்கொள்ளவும் சில நிமிடங்கள் போதும். அச்சில நிமிடங்களைச் செலவிடாத நிலையம், அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அதே கோளாற்றிற்காக அதனினும் பலமடங்கு காலத்தை இழக்கும்.

இங்குக் கருதத்தக்க வேறொரு நுட்பமும் உண்டு. பதிவேடு பெரும்பாலும் எந்த வட்டில் எழுதப்படுகின்றதோ, அவ்வட்டே பேச்சிழந்து நிற்கின்றது. எழுதுதல் நின்றபின் அக்கோளாற்றைப் பற்றிய வரிகள் நினைவகத்தில் மட்டுமே தங்கியிருக்கும். மீண்டும் துவக்கிய கணத்தில் அவை அழிந்துபோம். பின்னர்ப் பதிவேட்டைப் படிப்பவர் குற்றம் எதனையும் காணமாட்டார். காணாமையால் குற்றம் இல்லை என்றும் முடிவு செய்வார். ஆகவே, முக்கியமான ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்தின் கருநிரற் செய்திகளும் வலையமைப்பின் வழியாகவோ, தொடர்முனையத்தின் வழியாகவோ வேறோர் இயந்திரத்தில் பதியுமாறு முன்கூட்டியே ஏற்பாடு செய்தல் இன்றியமையாதது. இதற்குச் செலவு மிகக் குறைவு, பயனோ பெரிது.

பொறுப்பு யாருடையது?

உள் இயங்குதளத்தைப் பேணுபவர் ஒருவர். தாங்கி இயந்திரத்தைப் பேணுபவர் மற்றொருவர். சேமிப்புச் சாதனத்தைப் பேணுபவர் மூன்றாமவர். உள்ளிருப்பவருக்கு வெளியில் நடப்பது தெரியாது. அவ்வாறு தெரியாதிருத்தலே மெய்நிகராக்கத்தின் இலக்கணம். வெளியிலிருப்பவருக்கோ உள்ளே காத்திருக்கும் பணியின் துன்பம் தெரியாது. எனவே ஒருவர் வட்டின்மீதும், மற்றவர் இயக்கி நிரலின்மீதும், மூன்றாமவர் வலையமைப்பின்மீதும் பழியைச் சுமத்தக் காலம் கழிகின்றது. மூவரும் நேர்மையுடையவராயினும் முடிவு பிறவாது. ஏனெனில் கணக்கின் மூன்று பகுதிகளும் மூன்று இடங்களில் தனித்துக் கிடக்கின்றன.

இக்குறையை நீக்க இரண்டு ஏற்பாடுகள் தேவை. அரசு அலுவலகங்கள் மெய்நிகர் இயந்திரங்களை வாடகைக்குப் பெறும் ஒப்பந்தங்களில், கோளாறு நேர்ந்த காலத்திற்குரிய தாங்கி இயந்திரப் பதிவுகளையும் சேமிப்பின் தாமத அளவுகளையும் வழங்குபவர் அளிக்க வேண்டும் என்ற விதி இடம்பெறுதல் வேண்டும். மாதத்தில் எத்தனை விழுக்காடு நேரம் இயந்திரம் உயிரோடிருந்தது என்ற கணக்கு மட்டும் போதாது; அரை நிமிடம் மூச்சடைத்து மீளும் இயந்திரம் அக்கணக்கில் உயிருள்ளதாகவே காட்டப்படலாம். இரண்டாவதாக, மூன்று இடங்களின் கடிகாரங்களும் ஒரே காலத்தைக் காட்டுமாறு ஒழுங்கு செய்யப்பட வேண்டும். கடிகாரங்கள் ஒவ்வாத பதிவேடுகளை ஒப்பிடுதல், வெவ்வேறு ஊர்களின் பஞ்சாங்கங்களைக் கொண்டு ஒரே முகூர்த்தத்தைக் குறிக்க முயல்வது போலாகும்.

பயிற்சியின் தேவை

கல்லூரிகளில் குறுக்கீடு என்பது பாடநூலின் ஒரு படத்தோடு முடிந்துவிடுதல் போதாது. அதனைக் கையாண்டு பழகுதற்குரிய சாதனங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2006ஆம் ஆண்டில் கற்பித்தலுக்கென உருவான எக்ஸ்.வி.6 என்னும் சிறிய இயங்குதளத்தைச் சாதாரணக் கணிப்பொறியிலேயே கியூ.இ.எம்.யூ. என்னும் நிரலில் இயக்கிப் பார்க்கலாம். அதன் இன்டெல் வகைப் பதிப்பில் வட்டுக் குறுக்கீட்டின் முடிவைச் செயலியின் கட்டுப்படுத்திக்கு அறிவிக்கும் ஒரு வரியை மாணவர் நீக்கினால், முதல் வட்டுக் குறுக்கீட்டிற்குப் பின் அதே தரத்திலும் தாழ்ந்த தரத்திலும் உள்ள குறுக்கீடுகள் அச்செயலிக்கு வாரா. இயந்திரம் உறைந்து நிற்கும். அவ்வரியை மீண்டும் சேர்க்க, அது உயிர் பெறும். தம் கையால் ஒருமுறை குறுக்கீட்டைத் தொலைத்துப் பார்த்த மாணவர், பின்னாளில் நிலையத்தில் அது தானே தொலையும்போது திகைக்கமாட்டார். தொழிற்பயிற்சிக் கல்லூரிகளிலும் இத்தகைய பரிசோதனைகளைச் சேர்த்தலும், அவற்றிற்குரிய கையேடுகளை இந்திய மொழிகளில் வெளியிடுதலும் பயனுள்ள பணிகளாகும். இரவு நேரப் பொறுப்பில் இருக்கும் பணியாளர் பதற்றத்தில் படிக்க வேண்டிய கையேடு, அவருக்கு எளிதில் விளங்கும் மொழியில் அமைதல் நலம்.

மெய்நிகர் இயந்திரம் மனிதன் இயற்றிய நிரலே. அதில் நிகழும் எதுவும் காரணமின்றி நிகழ்வதில்லை. “தானே வந்தது, தானே போயிற்று” என்ற குறிப்போடு ஒரு கோளாற்றின் கோப்பை மூடுதல் விஞ்ஞான மனப்பான்மைக்குப் பொருந்தாது. செய்தி எந்த வாயில்வரை வந்தது, எதற்கப்பால் வரவில்லை என்ற ஒரே வினாவை ஒவ்வொரு முறையும் தவறாமல் கேட்டு, விடையை எழுதி வைக்கும் நிலையமே நாளடைவில் நம்பத்தக்க நிலையமாகும். மக்களின் கணக்கும் உரிமையும் அந்நிலையங்களின் வட்டுகளில் எழுதப்படுகின்றன. ஆதலின் இவ்வொழுக்கம் விருப்பத்திற்கு விடத்தக்கதன்று, கடமையாகக் கொள்ளத்தக்கது.